அறிவித்த நீளமும் வந்து சேர்ந்த நீளமும்

கணினிகள் ஒன்றோடொன்று உரையாடப் பயன்படும் டிசிபி என்னும் முறையில், செய்திக்கும் செய்திக்கும் இடையே எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இரண்டாக அனுப்பியது ஒரே தொடராக வந்து சேரலாம். ஒன்றாக அனுப்பியது மூன்று துண்டுகளாக வரலாம். இந்தக் குறையை நீக்கும்பொருட்டு, ஒவ்வொரு செய்தியின் முகப்பிலும் அதன் நீளத்தை இரண்டு அல்லது நான்கு பைட்டுகளில் எழுதிவிட்டு, பெறுகிறவர் அந்த எண்ணை முதலில் படித்து, அத்தனை பைட்டுகளை எண்ணி எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. நேர்த்தியான வழக்கந்தான். ஆனால் அந்த எண்ணை எழுதியவர் யார் என்று கேட்க மறந்துவிட்டால், அதன் விளைவு புரோகிராம் எழுதியவரோடு நிற்பதில்லை. அந்தச் சர்வரை நம்பித் தம் இரகசியங்களை ஒப்படைத்த, சி என்னும் புரோகிராம் மொழியின் பெயரைக்கூடக் கேட்டறியாத ஜனங்களின் தலையில் வந்து விடிகிறது.

2014 ஏப்ரல் 7-ஆம் தேதி வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பிழை இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம். இணையத்தில் எண்ணற்ற தளங்களின் போக்குவரத்தைச் சங்கேதமாக்கிக் காத்துவந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு பக்கம் மறுபக்கத்தை விசாரிக்கும் சிறு செய்தி ஒன்று உண்டு. வகையைக் குறிக்க ஒரு பைட், நீளத்தைக் குறிக்க இரண்டு பைட், பிறகு உள்ளடக்கம், கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பு என்பது அதன் அமைப்பு. பெற்றவர் உள்ளடக்கத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே ஒரே ஒரு பைட்டை வைத்துவிட்டு, நீளத்தை ஏறத்தாழ 64 கிலோபைட் என்று எழுதி ஒருவர் அனுப்பினால், மூட்டையின் மேல் எழுதிய எடையைப் பார்த்து, தராசில் ஏற்றாமலே பணம் எண்ணிக் கொடுக்கும் கணக்கரைப் போல, சர்வர் அத்தனையையும் தன் நினைவகத்திலிருந்து நகலெடுத்துத் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு பைட்டுக்கு அப்பால் அங்கே கிடந்தது பிறருடைய கடவுச்சொல்லாக இருக்கலாம்; சர்வரின் அந்தரங்கச் சாவியாகவே இருக்கலாம். உண்மையில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாததன்று. தெரிந்த எண்ணையும் அறிவித்த எண்ணையும் ஒப்பிடும் வரி மட்டும், 2012 மார்ச்சில் வெளியான பதிப்பு முதல் இரண்டு ஆண்டுகளாக, எழுதப்படாமலே இருந்தது. இப்படிக் களவு போனதற்குச் சர்வரின் வழக்கமான பதிவேடுகளில் தடயமும் விழுவதில்லை என்பதுதான் என்னைப் பெரிதும் கலங்கவைக்கும் அம்சம்.

கனடா நாட்டு வருமானவரித் துறை அந்த வாரமே தன் இணையச் சேவையை நிறுத்திவிட்டது; இருந்தும், சுமார் 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் அதற்குள் எடுக்கப்பட்டிருந்தன. அதன் பின் அத்துறை செய்தது கவனிக்கத்தக்கது. மோசக்காரர்கள் இதையே சாக்காக வைத்து ஜனங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று, தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ அல்லாமல், பதிவுத் தபாலிலேயே ஒவ்வொருவருக்கும் தகவல் தெரிவித்தது; கடன் மோசடியிலிருந்து காக்கும் சேவையையும் இலவசமாக அளித்தது. நஷ்டப்பட்டவருக்கு உண்மையை நேராகச் சொல்வதை நான் உபகாரமாகக் கருதவில்லை, கடமையாகவே கருதுகிறேன்.

புரோகிராம் எழுதுகிறவர் செய்ய வேண்டிய பரிகாரம் அதிகமில்லை. கேட்ட பைட்டுகள் ஒரே அழைப்பில் முழுவதும் கிடைத்துவிடும் என்று நம்பாமல் வேண்டிய அளவு சேரும்வரை சுற்றிச்சுற்றிப் படிப்பதும், எழுதும்போதும் அவ்வாறே மிச்சத்தை மறுபடி அனுப்புவதும், நீளத்தைக் குறியற்ற எண்ணாகவும் இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பைட் வரிசையிலும் வைப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண் உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே நினைவகம் ஒதுக்குவதும் போதும். ஓபன்எஸ்எஸ்எல் பிழைக்குக் கிடைத்த திருத்தமும் இதே ஜாதியைச் சேர்ந்தது: அறிவித்த நீளம், வந்த நீளத்துக்குள் அடங்காவிட்டால் அச்செய்தியை மறுமொழியின்றித் தள்ளிவிடு என்பதே அது.

பயனாளருக்கு இங்கே வரிசை முக்கியம். நிறுவனம் முதலில் மென்பொருளைத் திருத்த வேண்டும். பிறகு பழைய சாவியையும் சான்றிதழையும் ரத்துசெய்து புதியவை பெற வேண்டும். அதன்பின்தான் நாம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பதற்றத்தில் முன்கூட்டியே மாற்றியவருடைய புதிய கடவுச்சொல்லும் அதே ஓட்டை வழியே போய்விடும்.

இந்தியாவில், 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு மட்டுமன்றிப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. தக்க பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமும் வகுத்திருக்கிறது. ஆனால் அந்த அபராதம் அரசின் நிதிக்குச் செல்வது. நஷ்டப்பட்டவர் கைக்கு வருவதன்று. அஜாக்கிரதையால் நேர்ந்த நஷ்டத்துக்குத் தனிமனிதர் ஈடு கேட்க இடமளித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவை நீக்கவும் புதிய சட்டமே வகை செய்கிறது. இதைப் பெருங்குறை என்றே நான் எண்ணுகிறேன். எனவே கசிவு பற்றிய தகவல் கிடைத்தவர், எந்தெந்த விவரம் போயிற்று, திருத்தம் எந்தத் தேதியில் நடந்தது, சாவி மாற்றப்பட்டதா என்ற மூன்றையும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிடினும் திருப்தி தராவிடினும் வாரியத்திடம் புகார் செய்யும் உரிமையை அச்சட்டம் அவருக்கு அளிக்கிறது. பணமே பறிபோயிருந்தால் கடிதத்துக்குக் காத்திராமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அழைத்துப் பதிவு செய்துவிட வேண்டும்.