வானமே கூரையான கலைக்கூடம்

கொச்சங்காடியில் வாழும் நமக்குக் கலைச்செல்வம் தொலைவில் இல்லை. சிறிது தூரம் நடந்தால் மட்டாஞ்சேரி அரண்மனை. அதன் சுவர்களில் இராமகாதை ஓவியமாய் விரிந்து கிடக்கிறது. ஆயினும் அவ்வோவியங்கள் கூரையின் நிழலில், வெயிலும் மழையும் தீண்டாமல் காக்கப்பட வேண்டியவை. வெயிலையும் மழையையும் உறவாகக் கொண்டு, மலையைத் திரைச்சீலையாகவும் மரங்களைத் தோழராகவும் பெற்று நிற்கும் கலை வேறொன்று உண்டு. அதனைக் காண அன்பர்களை இத்திங்கள் மலம்புழைக்கு அழைக்கின்றோம்.

விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் நம் குடும்பங்களுள் பல, எறணாகுளத்தில் வண்டியேறிப் பாலக்காட்டைக் கடந்தே கோவைக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. பாலக்காட்டுச் சந்திப்பில் வண்டி நிற்கும், தேநீர் வாங்குவோம், வண்டி புறப்பட்டுவிடும். அந்நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மலம்புழை அணை இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்?

அவ்வணை நமக்கு அயலானதன்று. மலபார் அந்நாளில் சென்னை இராச்சியத்தின் ஒரு மாவட்டம். 1949இல் தொடங்கிய அணைப்பணி நிறைவுற்று, 1955ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாள் முதலமைச்சர் காமராசரால் திறந்து வைக்கப்பட்டது. மறு ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும், அணை தேக்கிய நீர் இரு மொழியாரின் உழைப்பையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அணையை அடுத்த பூங்காவில் வீற்றிருக்கிறாள் யட்சி. 30 அடி உயரமுள்ள இச்சிமென்டுச் சிற்பத்தை 1969இல் படைத்தவர் கானாயி குஞ்ஞிராமன். 1937இல் காசர்கோட்டுப் பகுதியில் பிறந்த இவர், சென்னைக் கலைப்பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றார், பின்னர் இலண்டன் சென்று ஸ்லேடு கலைப்பள்ளியிலும் கற்றார். அவர்தம் ஆசிரியர் பணிக்கரோ 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கடலோரத்து ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தம் மாணவர்களோடு சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவியவர். அங்கும் மரநிழலில் சிற்பங்கள் நிற்கின்றன. தமிழகமும் கேரளமும் கலைத்துறையில் எவ்வளவு நெருங்கிய உறவுடையன என்பதற்கு இவ்விருவர் வாழ்வே சான்றன்றோ!

யட்சிக்கு ஆடை இல்லை, அணியும் இல்லை. பொதுவிடத்தில் இத்தகைய உருவம் தகுமோ என்று அந்நாளில் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகளோடு செல்லத் தயங்கும் பெற்றோர் இன்றும் இருக்கலாம். அத்தயக்கத்தை நாம் இகழ மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம்: யட்சி யார்? வடமொழியில் யட்சி, தமிழில் இயக்கி, தென்பாண்டி நாட்டு ஊர்ப்புறங்களில் இசக்கியம்மன். சிலப்பதிகாரத்தில் ஆயர் முதுமகள் மாதரி, மதுரையின் மதிற்புறத்தே இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் வழியிலேதான், ஊர் புதிதாய் வந்த கண்ணகியைத் தன்பால் அடைக்கலமாகப் பெறுகிறாள். அயலூரில் புகலிடம் தேடிய குடும்பத்தின் கதையில் இயக்கிக்கும் ஓர் இடம் உண்டு. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்த நமக்கு அவள் எப்படி அந்நியளாவாள்?

இயக்கியும் ஐயனாரும் நம் ஊர்களில் மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் குடியிருப்பவர்கள். ஐயனாரின் மண்குதிரைகள் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஊரெல்லையில் நிற்கின்றன. மாமல்லபுரத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பெரும்பாறையின் நடுவே இயற்கையாய் அமைந்த பிளவைக் குறையென்று கருதவில்லை. அப்பிளவையே நீர் இறங்கும் வழியாகக் கொண்டு, அதில் நாகர் உருவங்களைச் செதுக்கினான். கல் அவனுக்கு வெறும் பொருள் அன்று. உடன் உழைத்த தோழன். சிற்பத்தை இயற்கையின் மடியில் வைக்கும் வழக்கத்தை நாம் மேனாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை; மறந்ததை நினைவு கூர்ந்தால் போதும்.

மலம்புழைப் பூங்காவை ஒட்டிய பாறைத்தோட்டத்தையும் காணாமல் திரும்பலாகாது. அதனை அமைத்தவர் நேக் சந்த். சண்டிகரில் சாலை ஆய்வாளராய்ப் பணியாற்றிய அவர், உடைந்த பொருள்களையும் கற்களையும் சேர்த்துப் பல ஆண்டுகள் மறைவாக ஒரு சிற்பத்தோட்டத்தை உருவாக்கினார். அது 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மலம்புழையிலும் உடைந்த வளையலும் ஓடும் உருவங்களாகி நிற்கின்றன. நாம் குப்பையென்று எறிவது கலைஞன் கையில் என்னவாகிறது என்பதைச் சிறுவர் அங்கே நேரில் அறிவர்.

ஆயினும் வெளியிற் சிற்பத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. கூடத்துச் சிற்பத்தைச் சுவர் காக்கிறது. வெளியிற் சிற்பத்துக்குச் சுற்றியுள்ள வெளியே உடல். அவ்வெளி கெட்டால், கல்லோ சிமென்டோ சிதையாமலே சிற்பம் சிதைகிறது. இதற்குத் திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையே சான்று. அங்குக் கானாயி 1992இல் முடித்த கடற்கன்னி, 87 அடி நீளத்தில் கடற்காற்றில் சாய்ந்து கிடக்கிறாள். 2020இல் அவள் அருகே விமானப்படையின் பழைய ஹெலிகாப்டர் ஒன்று காட்சிக்காக நிறுத்தப்பட்டது. சிற்பத்தின் மேல் ஒரு கீறலும் விழவில்லை; ஆனால் சிற்பத்தின் அழகு குலைந்தது என்று சிற்பி மனம் வெதும்பினார். 2022இல் அரசு தமக்கு அறிவித்த கேரள ஸ்ரீ விருதையும், தம் சிற்பங்களின் சூழல் சீர்செய்யப்படும்வரை ஏற்க இயலாது என்று மறுத்தார்.

காலியிடம் கண்டால் எதையேனும் கொண்டு நிரப்ப விழைவது மனித இயல்பு. சிற்பத்தின் அருகிலுள்ள வெற்றிடம் வீணான இடம் அன்று. சிற்பம் மூச்சுவிடும் இடம். அதை உணர்வதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நின்று நோக்கும் பொறுமை ஒன்றே போதும்.

ஆதலின் அன்பர்களே, அடுத்த விடுமுறையில் பாலக்காட்டில் ஒரு நாள் இறங்குங்கள். பிள்ளைகளை யட்சியின் முன் நிறுத்தி, படம் எடுக்கும் முன் ஒரு வினாக் கேளுங்கள்: "பின்னே நிற்கும் மலையும் மரமும் இல்லையென்றால் இவள் எப்படித் தோன்றுவாள்?" அவர்கள் விடை கூறட்டும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். சிற்பத்தில் பெயர் கிறுக்காமலும், புல்வெளியில் தாளும் புட்டியும் எறியாமலும் திரும்பி வருவோம். நமக்கு இடமளித்த இந்நாட்டின் அழகைக் காப்பதில் நம் வீட்டுப் பிள்ளைகளும் பங்குகொள்வார்களாயின், அதுவே நாம் இம்மண்ணுக்குச் செலுத்தும் நன்றியாகும்.