தெருநாய் உங்கள் கையைத்தான் பார்க்கிறது!
ஆராய்ச்சியில் கிடைத்த ருசிகர தகவல்கள்

மஞ்சக்குப்பம்:—

இரவு மணி 11. போலீஸ் ஸ்டேஷனில் செய்தி வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி மோட்டார் சைக்கிளில் திரும்பிக் கொண்டிருந்தேன். இருட்டில் இருந்து திடீர் என்று 4 நாய்கள் பாய்ந்து வந்தன. வண்டியை முறுக்கினேன். அவைகளும் முறுக்கின. காலைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைக்காத குறைதான்!

மறுநாள் காலை. அதே இடத்தில் டீ குடிக்கிறேன். அந்த நாலில் ஒன்று, காது கிழிந்த செவலை, என் காலடியில் வந்து உட்கார்ந்து என் கையில் இருந்த பொறையையே பார்க்கிறது. ராத்திரி துரத்திய வெட்கம் கொஞ்சமாவது இருக்க வேண்டுமே? ஊகூம்!

இது என்ன நாய்ப்புத்தி?

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு விஞ்ஞானிகள் கூட்டம் பல வருஷமாக தெருத்தெருவாக அலைகிறது. வெளிநாட்டில் அல்ல, நம் நாட்டிலேயே!

2 கிண்ணம்

மேற்கு வங்காளத்தில் மோகன்பூரில் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியையாக இருப்பவர் அனிந்திதா பத்ரா. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பெரும்பாலும் மெத்தையில் தூங்கும் வீட்டு நாய்களை ஆராய்வார்கள். இவரும் இவருடைய மாணவர்களும் பிடித்துக் கொண்டது தெருநாயை.

2020-ல் இவர்கள் வெளியிட்ட சோதனை இது. மூடிய 2 கிண்ணங்கள். ஒன்றில் பச்சைக் கோழிக்கறி. இன்னொன்று காலி, ஆனால் அதிலும் கறியைத் தேய்த்து வாசனை ஏற்றிவிட்டார்கள். மூக்கை வைத்து ஏமாற்ற முடியாது! முன்பின் தெரியாத ஒருவர் நின்று ஒரு கிண்ணத்தை கையால் சுட்டிக் காட்டுவார். நாய் எங்கே போகும்?

கிட்டே வந்த நாய்களில் 100-க்கு சுமார் 80, கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்கவில்லை. சோறு போட்டு வளர்க்கவில்லை. இருந்தும் மனுஷன் விரலுக்கு அர்த்தம் தெரிகிறது!

ஆனால் எனக்கு பெரிதாகப் பட்டது வேறு. சோதித்த நாய்களில் ஏறக்குறைய பாதி, கிட்டேயே வரவில்லை. கறி வாசனை மூக்கைத் துளைத்தும் மிரண்டு ஒதுங்கி நின்றன. முன்பு மனிதர்களிடம் அடிபட்டவையாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து.

நானும் செய்து பார்த்தேன்

சும்மா இருக்க முடியவில்லை. டீக்கடை ஓரம் 2 கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் பொறையை வைத்தேன். செவலை என் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, காட்டிய பக்கம் போய் மூக்கால் புரட்டியது. பக்கத்தில் ஒரு கறுப்பு நாய், பின்னங்கால் நொண்டி. அதற்காகக் கொட்டாங்குச்சியை வைக்கக் குனிந்தேன். அவ்வளவுதான், வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரே ஓட்டம்!

குனிந்தால் கல் என்பது அதன் பாடம். யார் சொல்லிக் கொடுத்த பாடம்?

இதே குழு 2016-ல் ஒரு கணக்கும் வெளியிட்டது. 95 ஈற்றில் பிறந்த 364 குட்டிகளை விடாமல் கவனித்தார்கள். வளர்ந்து இனப்பெருக்க வயதுக்கு வந்தது 100-க்கு 19 மட்டுமே. செத்த குட்டிகளில் 100-க்கு 63 சாவதற்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம். ஆக, நம் தெருவில் சுற்றும் ஒவ்வொரு பெரிய நாயும் நம்மிடம் இருந்து தப்பிப் பிழைத்த நாய்!

சோறா, தடவலா?

2017-ல் இன்னொரு ஆச்சரியம். அறிமுகம் இல்லாத ஆள் கையில் இருந்து தின்ன தெருநாய் தயங்குகிறது. தரையில் போட்டால் தின்கிறது. சில நாய்களுக்கு கூடுதலாகத் தீனி தந்தார்கள். சிலவற்றுக்கு தலையில் தடவிக் கொடுத்தார்கள். நாளாக ஆக நம்பி நெருங்கி வந்தவை தடவப்பட்ட நாய்கள்தான்!

(இதைப் படித்துவிட்டு கண்ட நாயின் தலையிலும் கை வைத்துவிடாதீர்கள். அவர்கள் செய்தது ஆராய்ச்சி.)

பயந்தால் நாய்க்குத் தெரியும் என்று பாட்டிமார் சொல்வார்களே? அதையும் சோதித்திருக்கிறார்கள். அயர்லாந்து தீவில் பெல்பாஸ்ட் நகரம், 2022-ம் ஆண்டு. 36 பேரை, 9000-ல் இருந்து 17, 17-ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். (கடை வைத்திருப்பவர்கள் சிரிக்கக்கூடாது!) கணக்கில் திணறியபோது எடுத்த வியர்வையையும் மூச்சையும், அதற்கு முன்பு எடுத்ததையும் பயிற்சி பெற்ற 4 நாய்களிடம் காட்டினார்கள். 100-க்கு 93 தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. பதற்றத்துக்கு தனி வாசனை இருக்கிறது. அதற்காக பயந்தவரை நாய் கடிக்கும் என்று அர்த்தம் இல்லை. ஓடினால்தான் வம்பு. ஓடுகிற எதையும் துரத்துவது அதன் சுபாவம். ராத்திரியில் தெரு அதன் எல்லை.

37 லட்சம் பேர்

விளையாட்டு விஷயம் அல்ல இது. நாடு முழுவதும் 2024-ல் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடவேண்டும் என்று 2025 ஆகஸ்டு 22-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7-ல் சொன்னது. கோர்ட்டு உத்தரவு கெடிலம் ஆற்றைத் தாண்டி நம் தெருவுக்கு வருகிறவரை, பையன்கள் கையில் கல்லும் நாய் வாயில் பல்லும் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். நாய் குரைத்து வந்தால் ஓடாதே. கையை வீசாதே. முறைத்துப் பார்க்காதே. அப்படியே நின்று, மெதுவாக விலகு. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே.

மீறிக் கடித்துவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். அன்றே ஆஸ்பத்திரி. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாள், ஒன்றுகூட விடக்கூடாது. ஆழமான கடி என்றால் காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

நேற்று இரவு அதே மைதானம், அதே 4 நாய்கள். வண்டியை முறுக்கவில்லை; வேகத்தைக் குறைத்து நிறுத்திவிட்டேன். நெஞ்சு படபடத்தது, மறைப்பானேன்? மூன்று நாய்கள் தூரத்தில் நின்றே குரைத்து ஓய்ந்தன. செவலை மட்டும் வந்து செருப்பை முகர்ந்தது. நொண்டிக் கறுப்பன் எட்டி நின்று என் கையையே பார்த்துக் கொண்டிருந்தான்.