மூன்றில் ஒன்று அறுந்தால்

2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தீண்டியதால் இலங்கை முழுவதும் இருண்டது. இத்தகைய முழு இழப்பை அணுமின் நிலையம் எளிதில் அறிந்து, தன் டீசல் இயந்திரங்களைத் தானே இயக்கிக்கொள்ளும். அரைகுறை மின்சாரமே அதற்குப் பெரும்பகை.

வட்டகொடைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். மோட்டருக்குரிய மூன்று கம்பிகளுள் ஒன்றிலே பியூஸ் போய்விடின், மோட்டர் உறுமும்; சூடேறும்; கவனியாதுவிடின் கருகும்.

2012 சனவரி 30இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்துப் பைரன் அணுமின் நிலையத்தில் நேர்ந்ததும் இதுவே. வெளிமுற்றத்தில் கம்பியைத் தாங்கிய பீங்கான் உடைய, மூன்றில் ஒன்று தொடர்பற்றது. அணு உலை தானாகவே நின்றது. ஆயினும் நின்ற உலையும் வெப்பம் உமிழுமாதலால், அதனைக் குளிர்விக்கும் பம்பிகள் ஓயலாகாது. அவற்றின் மின்னழுத்தத்தைக் காத்து நின்ற கருவிகள் இரண்டு. இரண்டும் ஒருங்கே குறைவு கண்டாலன்றி வெளித்தொடர்பைத் துண்டிக்கா. அன்று குறைவைக் கண்டது ஒன்றே. டீசல் இயந்திரங்கள் வாளாவிருந்தன. பழுதுற்ற மின்சாரமே தொடர்ந்து பாய்ந்தது. ஏறத்தாழ எட்டு நிமிடங்களின் பின் பணியாளரே உண்மையுணர்ந்து தொடர்பைத் துண்டித்தனர். டீசல் இயந்திரங்கள் உடனே இயங்கின.

மூன்று கம்பிகளையும் தனித்தனியே நோக்கும் காவற்கருவிகளை அந்நாட்டு அணுமின் நிலையங்கள் அதன் பின்னரே பொருத்தலாயின. தொழிற்சாலை மோட்டர்களுக்கோ அத்தகைய காவல் நெடுநாளாகவே உண்டு!