பிழையைப் படிக்கும் பலகை

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லும்போது மூன்று மாணவர்கள் 26, 24, 13 என வெவ்வேறு விடைகளை எழுதினால், மூன்றுக்கும் ஒரே மாதிரியான சிவப்புப் பெருக்கல் குறிதான் விழும். ஆனால், அந்த மூன்று பிழைகளும் ஒன்றல்ல. 26 என எழுதிய மாணவர், எது மேலே எது கீழே என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பதே கணக்கு என்று நினைத்து, எட்டிலிருந்து இரண்டையும் ஐந்திலிருந்து மூன்றையும் எடுத்திருக்கிறார். 24 என எழுதியவர், பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கி 12-இலிருந்து 8-ஐச் சரியாகக் கழித்துவிட்டு, கடன் கொடுத்த ஐந்தை நான்காகக் குறைக்க மறந்திருக்கிறார். 13 என எழுதியவருக்கு முறை முழுவதும் தெரியும். விரல்விட்டு எண்ணும்போது ஓர் எண்ணிக்கை தவறியிருக்கிறது. முதலாமவருக்கு இடமதிப்பைக் குச்சிக்கட்டுகளோடு தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாமவருக்குக் கடன் வாங்குதலின் பொருளை விளக்க வேண்டும். மூன்றாமவருக்குச் சற்றுப் பயிற்சியே போதும்.

நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், ஒவ்வொரு கணக்கிற்கும் ஒவ்வொரு மாணவரின் பிழையையும் இவ்வாறு பிரித்தறிவது எவ்வளவு திறமையான ஆசிரியருக்கும் கடினமானது. பள்ளிகளுக்குள் வந்திருக்கும் கையடக்கக் கணினி, அதாவது ஆசிரியர்களும் மாணவர்களும் ‘டேப்’ என்று சொல்லும் தொடுதிரைக் கருவி, உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். பாடநூலைக் கண்ணாடித் திரைக்கு மாற்றுவதாலோ வகுப்பறைக்குப் பளபளப்பு சேர்ப்பதாலோ கற்றல் கூடிவிடுவதில்லை என்பதும், மாணவரின் பிழையை அறிந்து அதற்கேற்ப அடுத்த படியை அமைக்கும்போதுதான் பலன் கிடைக்கிறது என்பதும், கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளில் நடந்த சோதனைகளிலிருந்து தெளிவாகின்றன.

நூறாண்டு முயற்சி

கற்பிக்கும் இயந்திரம் என்ற எண்ணம் கணினிக்கும் முந்தையது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி 1920-களில், நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து விசையை அழுத்தினால் அது சரியா தவறா என்று காட்டும், தட்டச்சுப்பொறி போன்ற ஒரு கருவியை உருவாக்கினார். 1953-இல் மற்றோர் உளவியலாளரான பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணித வகுப்பைப் பார்வையிட்டபோது, எழுதிய விடை சரியா என்பது மாணவருக்கு உடனே தெரியாததையும், விரைந்து முடித்தவரும் தடுமாறியவரும் ஒரே வேகத்தில் நடத்திச் செல்லப்படுவதையும் இரு பெருங்குறைகளாகக் கண்டு, அடுத்த ஆண்டே அவற்றைப் போக்கும் நோக்கில் ஓர் இயந்திரத்தைச் செய்துகாட்டினார். 1960-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு, 1972-இலேயே தொடுதிரையையும் பெற்றிருந்தது.

இக்கருவிகள் பெரும்பாலும் விடை சரியா தவறா என்பதையே சொல்லின. ஏன் தவறு என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாக, ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, கழித்தலில் சிறுவர் செய்யும் பிழைகளுள் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, தவறான ஒரு விதியை மாணவர் ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டியது. 26 என்று எழுதிய மாணவர் 71-இலிருந்து 45-ஐக் கழிக்கும்போது 34 என்று எழுதுவார் என முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு பிழையின் வடிவம் தெரிந்தால் அடுத்த பிழையும் தெரியும். இந்த உண்மைதான் இன்றைய ‘தகவமைப்புக் கற்றல்’ மென்பொருள்களுக்கு அடிப்படை. மாணவர் தரும் ஒவ்வொரு விடையையும் கொண்டு அவர் நிற்கும் நிலையைக் கணித்து, அதற்கேற்ற அடுத்த வினாவையோ விளக்கத்தையோ தரும் முறையே தகவமைப்புக் கற்றல் எனப்படுகிறது.

பெருவும் டெல்லியும்

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னமெரிக்க நாடான பெரு சான்று. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய இயக்கத்தின் பகுதியாக, அந்நாட்டு அரசு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு, ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்றிருந்த விகிதம் 1.18 ஆக உயர்ந்த பின்னரும், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தேர்ச்சி கூடியதற்கான சான்று இல்லை என்று தெரிவித்தது. ஒவ்வொரு கணினியிலும் 200 நூல்கள் ஏற்றப்பட்டிருந்தும் வாசிப்புப் பழக்கம் வளரவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் சிறு முன்னேற்றம் தென்பட்டது. மாணவரிடம் கணினி இருந்தது. ஆனால், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்பதற்கு அந்தக் கணினியில் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது டெல்லியில் நடந்த சோதனை. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர், ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் இந்தியத் தகவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்திய பள்ளிநேரத்துக்குப் பிந்தைய மையங்களில், ஏறத்தாழ 600 நடுநிலை, உயர்நிலை மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. யாருக்கு இடம் கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. முதற்கட்டத் தேர்விலேயே ஒரு கசப்பான உண்மை தெரியவந்தது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்தவர்களுக்கிடையே ஐந்து, ஆறு வகுப்புகள் அளவுக்கு இடைவெளி இருந்தது. அத்தகைய வகுப்பில் ஆறாம் வகுப்புப் பாடநூலை எவ்வளவு தெளிவாக நடத்தினாலும், பெரும்பாலோருக்கு அது எட்டாத உயரத்திலேயே இருக்கும்.

நான்கரை மாதங்களில் அம்மையங்களுக்கு வாய்ப்புப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் முன்னேறினார்கள். திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு. நூறு பேர் கொண்ட தரவரிசையில் நடுவில் நின்ற மாணவர் கணிதத்தில் ஏறத்தாழ 64 பேருக்கு முன்னே நிற்கும் அளவுக்கு இம்முன்னேற்றம் பெரிது. மையத்தின் 90 நிமிடங்களில் பாதி நேரம் மட்டுமே கணினிக்கு உரியது, மறுபாதி ஓர் ஆசிரியர் சிறு குழுவுக்கு நடத்தியது என்பதையும், ஆகவே பலன் இரண்டும் சேர்ந்து தந்ததே என்பதையும் மறந்துவிடலாகாது. மற்றொரு செய்தியும் கூர்ந்து நோக்கத்தக்கது. இதே மாணவர்களின் பள்ளிக் கணிதத் தேர்வில் இம்முன்னேற்றம் தெளிவாக வெளிப்படவில்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு உயர்ந்த ஒரு மாணவரின் உழைப்பை, ஏழாம் வகுப்பு வினாத்தாளால் காண இயலாது.

பள்ளி எட்டாத ஊர்களில்

ஆசிரியர் இல்லாத இடத்தில் கருவி தனியாக எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தான்சானியாவின் டாங்கா பகுதியில் நடந்த சோதனை அளந்துகாட்டியது. ‘எக்ஸ்பிரைஸ்’ அறக்கட்டளை நடத்திய உலகப் போட்டியின் இறுதிக்கட்டமாக, ஏறத்தாழ 170 சிற்றூர்களில் சுமார் 2,700 சிறுவர்களுக்குச் சுவாகிலி மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் கையடக்கக் கணினிகள் தரப்பட்டு, அவற்றுக்குச் சூரிய ஒளியால் மின்னேற்றும் வசதியும் செய்யப்பட்டது. அவர்களில் 74 சதவீதம் பேர் பள்ளிக்கே சென்றதில்லை. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரால் தம் மொழியில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. பதினைந்து மாதங்களுக்குப் பின் அவ்வாறு படிக்க இயலாதவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 2019-இல் ‘கிட்கிட் ஸ்கூல்’, ‘ஒன்பில்லியன்’ என்னும் இரு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. எவரும் சொல்லித்தராத ஊரில் இது மிகப் பெரிய சாதனை. அதேவேளை, எஞ்சிய பாதிப்பேர் அப்போதும் ஒரு சொல்லையும் படிக்க இயலாமல் இருந்தார்கள் என்பதால், ஆசிரியரின் இடத்தைக் கருவி முழுமையாக நிரப்பாது என்பதற்கும் இதே சோதனைதான் சான்றாகிறது.

திரையும் தாளும் கையும்

எதைத் திரையில் கற்பது, எதைத் தாளில் கற்பது என்பதும் இன்று அறிவியல் விடை தேடும் வினா. 54 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 1,71,055 பேரையும் ஒருசேர ஆராய்ந்து 2018-இல் வெளியான தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் இணைத்துப் பார்க்கும் ஆய்வு, ஒரே பனுவலைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் சற்றே நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டது. கதை படிக்கும்போது இவ்வேறுபாடு புலப்படவில்லை. செய்திகள் நிறைந்த பாடப்பகுதிகளிலும், குறித்த நேரத்துக்குள் படிக்க வேண்டியபோதும்தான் தாளின் மேன்மை தெரிந்தது. ஆகவே நீண்ட பாடத்தை ஊன்றிப் படிக்கத் தாளும், அதிலிருந்து வினா எழுப்பி உடனுக்குடன் விடையைச் சரிபார்க்கத் திரையும் பொருத்தமானவை என்ற பிரிவினை ஏற்கத்தக்கதாகிறது.

கையால் எழுதுவதன் இடமும் இவ்வாறே உறுதிப்பட்டுள்ளது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஓர் எழுத்தைத் தாமாக வரைந்து பழகிய பின் அதைப் பார்க்கும்போதுதான், வாசிப்புக்குப் பின்னாளில் பயன்படும் மூளைப்பகுதிகள் இயங்கின. விசையைத் தட்டிப் பழகியபோதும், புள்ளிக்கோட்டின் மேல் வரைந்து பழகியபோதும் அவ்வாறு நிகழவில்லை. சிறுவருக்கான செயலிகள் பலவற்றில் இருப்பது புள்ளிக்கோட்டுப் பயிற்சியே என்பதை எண்ணும்போது இம்முடிவின் முக்கியத்துவம் விளங்கும். நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, தொடுதிரையில் மின்பேனாவால் கையெழுத்தாக எழுதும்போது, விசைகளைத் தட்டுவதைவிட மூளைப்பகுதிகளுக்கிடையே விரிவான தொடர்பு ஏற்படுவதைக் காட்டியது. எனவே பயன் தாளால் மட்டும் வருவதன்று, கையின் அசைவால் வருவது.

தமிழ் எழுத்துக்கு இது தனிப் பொருளுடையது. ‘கொ’ என்பதைக் கையால் எழுதும் குழந்தை முதலில் ஒற்றைக்கொம்பையும், பிறகு ககரத்தையும், இறுதியில் துணைக்காலையும் இடமிருந்து வலமாக வரைகிறது. தமிழ்99 விசைப்பலகையிலோ க, ஒ என்னும் இரு விசைகளை அழுத்தினால் எழுத்து முழுதாகத் தோன்றிவிடுகிறது. எழுத்தின் உறுப்புகளையும் அவை அமையும் வரிசையையும் கை அறிந்த பிறகே விசைப்பலகைக்குச் செல்வதுதான் தொடக்க வகுப்புகளுக்கு ஏற்ற முறை. பள்ளிகளில் கணினிமயமாக்கத்தில் முன்னே சென்ற ஸ்வீடன், 2023-இல் அச்சிட்ட பாடநூல்களுக்கு மீண்டும் பெருந்தொகை ஒதுக்கியதும் இத்தகைய அக்கறையால்தான்.

தமிழ்நாட்டின் படிகள்

2011-இல் விலையில்லா மடிக்கணினி, 2018-இல் விரைவுக் குறியீடு அச்சிட்ட புதிய பாடநூல்கள், 2019-இல் கல்வித் தொலைக்காட்சி எனத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளும் இப்பாதையில் தொடர்ந்து நடந்துவந்துள்ளன. இவற்றுள் ஆய்வு முடிவுகளோடு மிக நெருங்கி நிற்பது, 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். ஒரே வகுப்பில் பயிலும் குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்நிலைக்குரிய பயிற்சி நூலை அளித்து, அவர்களின் அடைவை ஆசிரியர் செயலிவழியே பதிவுசெய்யும் இம்முறை, டெல்லி ஆய்வு கண்ட அதே உண்மையைத் தன் அடித்தளமாகக் கொண்டது. குழந்தையை வகுப்பின் பெயரால் அல்லாமல் நிற்கும் நிலையால் அறிவதே அந்த உண்மை.

ஆயினும் பதிவுசெய்யப்படும் தரவு எங்கே செல்கிறது என்பதில்தான் இத்தகைய எத்திட்டத்தின் வெற்றியும் அடங்கியிருக்கிறது. ஆசிரியர் மாலைவரை உள்ளிடும் விவரம் மேலலுவலக அட்டவணையாக மட்டும் மாறினால் அது அவருக்குச் சுமை. ‘உங்கள் வகுப்பில் ஏழு பேர் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறார்கள், நாளை குச்சிக்கட்டுகளோடு அவர்களைத் தனியே அமர்த்துங்கள்’ என்று மறுநாள் காலையில் அவரிடமே திரும்பிவந்தால் அதுதான் துணை. குழந்தைகளைப் பற்றிய அத்தரவு பிறர் வணிகத்துக்குப் போகாமல் காப்பதும் அரசின் கடமை.

ஆகவே ஒரு பள்ளிக்குக் கையடக்கக் கணினி வாங்க முடிவெடுக்கும் அதிகாரிகளும், அதை வரவேற்கும் பெற்றோரும், எத்தனை கருவிகள், என்ன விலை என்று கேட்பதற்கு முன் ஒரு வினாவைக் கேட்க வேண்டும். இதில் ஒரு குழந்தை 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதினால் அடுத்து என்ன நடக்கும்? ‘தவறு, மீண்டும் முயல்க’ என்பது மட்டுமே விடையானால், அந்தப் பணத்தை நூலகத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் செலவிடுவதே அக்குழந்தைக்குச் செய்யும் நன்மை.