பெயர் நீண்டால் கோப்பு இறங்காதா?

திருவண்ணாமலையில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வையுங்கள். மின்னஞ்சலில் வந்த தீபத் திருவிழா அழைப்பிதழ் திரையில் நன்றாகவே திறக்கிறது. கடையின் லினக்ஸ் கணினியில் சேமிக்கப் போனால் மட்டும், பெயர் நீளம் என்று அடம்பிடிக்கிறது. ஏன்?

நாம் எழுத்தை எண்ணுகிறோம். லினக்ஸ் பைட்டை எண்ணுகிறது. 'திருவண்ணாமலை' நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்கணக்கு, ஆக 12. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 36. ஆங்கில எழுத்துக்கோ ஒரே பைட்தான். (தமிழுக்கு மூன்று மடங்கு வரி!) கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். ஊர்ப்பெயரை ஏழு முறை எழுதினால் 252. பின்னால் ஒட்டும் புள்ளிக்கும் பிடிஎஃப்-க்கும் 4 பைட் வேண்டும். ஒரு பைட்டில் போச்சு!

விண்டோஸில் சிக்கல் வேறு. அங்கே ஃபோல்டர்களின் பெயர்களையும் சேர்த்து, முழு முகவரியே பொதுவாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் மாட்டிக்கொள்வோம். தேதியைச் சாய்கோடு போட்டு எழுதினாலும் ஏற்காது.

'சேவ் ஆஸ்' கொடுத்து, பெயரை 'தீபம்' என்று சுருக்கி, டெஸ்க்டாப்பில் போடுங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் அழிக்காதீர்கள்; எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது.