பெற்றோருடன் ஒரு மலைப் பயணம்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் நிகழ்வதொன்று உண்டு. ஊரிலிருந்து பெற்றோர் வருகின்றனர். காலையில் நாம் அலுவலகம் செல்கின்றோம். குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். அண்டை அயலாரின் மொழி தெரியாத அவ்விருவரும் மூன்றாம் மாடிச் சாளரத்தருகே அமர்ந்து பொழுதைக் கழிக்கின்றனர். அவர்களுக்கு இமயத்தை ஒரு முறையேனும் காட்ட வேண்டுமென்னும் ஆசை நமக்கு எழுவது இயல்பே. ஆனால் அப்பயணம் அவர்களுக்காக வகுக்கப்படுகிறதா, அல்லது நமக்காக வகுத்த பயணத்தில் அவர்களும் சேர்க்கப்படுகிறார்களா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

நாங்களே இதில் ஒரு முறை தவறியவர்கள். எழுபது கடந்த தந்தையாரை அழைத்துக்கொண்டு சிம்லா சென்றபோது, இரண்டு நாளில் ஏழு இடங்கள் என்று பட்டியல் வகுத்தோம். சென்றடைந்த மறுநாட் காலையே ஜாக்கூ குன்றின் செங்குத்தான பாதையில் அவரை நடத்தினோம். அவர் ஒரு சொல்லும் முறையிடவில்லை. இரவு விடுதியில், "நாளைக்கும் ஏறணுமோ? அந்தப் பெஞ்சியிலே உட்கார்ந்து பார்த்தாலே போதுமே அப்பா" என்று மட்டும் கேட்டார். முதியோர் நம் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் தம் களைப்பை மறைப்பர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இடத்தைத் தேர்வதே முதற்கடன். தில்லி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 216 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிம்லாவின் மேட்டுப் பகுதி ஏறத்தாழ 2,200 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே. ஆதலின் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் குறையும். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் முதலியன பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தோன்றுகின்றன. எனவே சிம்லா முதியோர் பலருக்கு ஏற்றதே. அங்கிருந்து ஒரே நாளில் குஃப்ரி, நார்க்கண்டா என்று மேலும் ஏறுவதும், 3,900 மீட்டருக்கு மேற்பட்ட ரோத்தாங் கணவாயை நாடுவதும் உசிதமன்று. இருதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் வைத்தியரைக் கலந்த பின்னரே புறப்பட வேண்டும்.

அடுத்தது வழி. தில்லியிலிருந்து கால்காவுக்குச் சதாப்தி ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கே தொடங்கும் சிறு மலை ரயில், 1903-இல் திறக்கப்பெற்றது. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம் பெற்றது. இரண்டரை அடி அகலமே கொண்ட இருப்புப் பாதையில், 102 சுரங்க வழிகளைக் கடந்து, 96 கிலோமீட்டர் தூரத்தை ஐந்து ஆறு மணி நேரத்தில் ஏறுகிறது. அவசரக்காரர்க்கு இது தாமதம். முதியோர்க்கு இதுவே நன்மை. காரில் செல்லும்போது வளைவுகளில் வயிறு புரள்வது போல் இங்கே அவ்வளவாகப் புரள்வதில்லை. களைப்பு மிகுமானால் இடைவழியில் சோலனில் ஓரிரவு தங்கி மறுநாள் தொடரலாம். முதியோர்க்கு முன்னர் வழங்கிய ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதையும் செலவுக் கணக்கில் நினைவிற் கொள்க.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தில் மலை சரியும். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் அருகே இந்த இருப்புப் பாதையின் அடிமண்ணே அடித்துச் செல்லப்பட்டது. சனவரியில் பனி பெய்யும். ஆனால் உறைபனியில் வழுக்கி விழுவது முதிய எலும்புகளுக்குப் பேராபத்து. மார்ச்சு இறுதி முதல் சூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்றவை. அக்டோபரில் வானம் தெளிந்த நாளில், ரிட்ஜ் என்னும் மேட்டுத் திடலிலிருந்தே தொலைவிலுள்ள பனிச் சிகரங்கள் தெரியும்.

சிம்லாவின் மால் வீதியில் பொது வாகனங்கள் செல்வதில்லை. கார்ட் ரோடிலிருந்து மேலே செல்ல மின்தூக்கி உண்டு. மூட்டைகளைச் சுமைதூக்குவோரிடம் ஒப்படைக்கலாம். விடுதியை அமர்த்துமுன், வாயிலிலிருந்து அறை வரை எத்தனை படிகள் என்று கேட்டறிக. காட்சியின் அழகைப் பின்னர்க் கேட்கலாம். முதல் நாள் ஓய்வுக்கு உரியது. பின்னர் நாளொன்றுக்கு ஓரிடம் போதும். 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட வைசிராய் மாளிகையைக் காண்பது நன்று. 1945-இல் சிம்லா மாநாடு கூடியது அங்கேதான். திருத்தணியிற் பிறந்த குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் 1965-இல் அங்கே இந்திய உயராய்வு நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார் என்று சொன்னால் நம் பெரியோர் முகம் மலரும். ஜாக்கூ செல்ல விரும்பினால் இப்பொழுது கம்பி ஊர்தி உண்டு. மூக்குக் கண்ணாடியைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்க.

அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேகத் தாமதமாகும். குக்கரில் குழைய வேகவைத்துத் தருமாறு முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்து, அவற்றின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்க. நகரில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இறுதியாக, மொழி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதைத்தான் மறந்தோம். வெந்நீர் வேண்டுமானாலும் தந்தையார் எங்களையே எதிர்நோக்கியிருந்தார். நாங்கள் உறங்கினால் தாகத்தையும் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் முறை சென்றபோது, ஓர் அட்டையில் விடுதியின் முகவரியை இந்தியில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தோம். மறுபுறத்தில் 'கரம் பானி' என்றால் வெந்நீர், 'தீரே சலியே' என்றால் மெள்ள நடவுங்கள் என்று சில தொடர்களைத் தமிழெழுத்தில் குறித்தோம். மறுநாள் அதிகாலையில் கண்விழித்தபோது அவர் அறையில் இல்லை. பதைத்து வெளியே ஓடினோம். வாயிலருகே உள்ள பெஞ்சியில், கையில் ஆவி பறக்கும் குவளையுடன் மலையைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தார். "நானே கேட்டு வாங்கினேன்" என்றார்.

ஆகவே பயணச் சீட்டு வாங்குமுன் பெரியோரை அருகே அமர்த்தி, எங்கே போக விருப்பம், எவ்வளவு நடக்க இயலும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால், மறுநாள் மீண்டும் கேளுங்கள்.