கரகரக்கும் லீவர்

வீட்டுக்குள் ஒரு விமானம் – 7

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அக்கா வீட்டு மாடியறை ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அதே மலையைக் கம்ப்யூட்டரின் விமான சிமுலேட்டரில் பார்ப்பான் அக்கா பையன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவனுக்குக் காமலாபுரத்தில் டூட்டி. நிஜக் காமலாபுரம் விமான நிலையம் 1993-ல் திறந்தது. பல வருஷம் விமானமே வராமல் வெயிலில் காய்ந்தது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் உயிர் வந்து, பிறகு படுத்து, 2023 அக்டோபரில் மறுபடி எழுந்தது. இவனுடைய காமலாபுரத்தில் அந்த வம்பே இல்லை. 1800 மீட்டர் ரன்வேயின் முனையில் ஏடிஆர் 72 எப்போதும் இவனுக்காகக் காத்து நிற்கும்.

இரண்டு மாதம் முன்பு போன் வந்தது.

"மாமா, பிரேக் போட்டு நிறுத்தியிருக்கேன். லீவர்ல கையே வைக்கல. எஞ்சின் முள்ளு அது பாட்டுக்கு ஆடுது."

"ரெண்டும் ஆடுதா, ஒண்ணா?"

"ரெண்டும். லெஃப்ட் மட்டும் அப்பப்போ எகிறுது மாமா."

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஆடினால் குற்றவாளி இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறான். ஒன்று மட்டும் எகிறினால் அந்த ஒன்றுக்குள் இருக்கிறான். இவனிடம் இரண்டு பேரும் இருந்தார்கள்.

எஞ்சினுக்கு ஒன்றாகப் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர் இரண்டும் அவனே செய்தவை. இரும்புப் பட்டை, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய கைப்பிடி, அடியில் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் பாட், அவற்றின் கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு ஆர்டுயினோ லியோனார்டோ. பாட் என்றால் பயப்பட வேண்டாம். பழைய ரேடியோவில் வால்யூம் வைக்கத் திருகுவோமே, அதேதான். உள்ளே குதிரை லாடம்போல வளைந்த கார்பன் தடம். அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு உலோக விரல். தடத்தின் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் பூஜ்யம். விரல் எங்கே நிற்கிறதோ அந்த இடத்து வோல்ட்டேஜ்தான் நமக்கு வேண்டியது.

நாள்பட்ட ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். தடத்தில் தூசு ஏறியோ தேய்ந்தோ போன இடத்தில் விரல் ஒரு கணம் தொடுப்பு விட்டு மறுபடி தொடுகிற சத்தம் அது. ரேடியோவில் அதைக் காது கேட்டது. இங்கே அது எஞ்சின் முள்ளில் தெரிகிறது. முதல் பகுதியில் சொன்ன எட்வின் லிங்க், 1929-ல் தன் பயிற்சி சிமுலேட்டரை அப்பாவின் ஆர்கன் கம்பெனித் துருத்திகளை வைத்துச் செய்தார். அவருக்குக் காற்றுக் கசிவுதான் தலைவலியாக இருந்திருக்கும். நமக்கு மில்லிவோல்ட்.

எத்தனை மில்லிவோல்ட்? லியோனார்டோ 5 வோல்ட்டை 1024 படிகளாக அறுக்கிறது. ஒரு படி 5 மில்லிவோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இதில் யாரும் கவனிக்காத ஒரு கோளாறு இருக்கிறது. பாட் கிட்டத்தட்ட 300 டிகிரி சுற்றும். லீவரோ முன்னும் பின்னுமாக 80 டிகிரி போனால் அதிகம். ஆக 1024 படியில் நாம் ஏறி இறங்குவது 270 சொச்சம்தான். அந்த 270-ஐத்தான் கம்ப்யூட்டர் இழுத்து நீட்டி, பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் என்று எஞ்சினுக்குக் கொடுக்கிறது. துணியை இழுத்தால் கறையும் சேர்ந்து நீளும் இல்லையா? மூன்று படி தடுமாறினால் எஞ்சின் ஒரு சதவீதத்துக்கு மேல் ஆடிவிடும். தெரிந்தவர்கள் லீவர் அச்சில் பெரிய பல்சக்கரமும் பாட்டில் சின்னதும் மாட்டி, 80 டிகிரியை 240 ஆக்கிக்கொள்வார்கள். பழைய பிரிண்டரைப் பிரித்தால் அந்தச் சக்கரங்கள் ஓசியிலேயே கிடைக்கும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. பலருடைய லீவரில் கோளாறே இருக்காது. லீவரோடு ஒரு ஜாய்ஸ்டிக்கும் மாட்டியிருப்பார்கள். ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு சின்ன த்ராட்டில் இருக்கும். கேட்காமலே இரண்டையும் ஒரே எஞ்சினுக்குக் கோத்துவிடுகிற நல்ல மனசு சிமுலேட்டருக்கு உண்டு. ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் கயிறு பிடித்த கதைதான். செட்டிங்கில் போய் ஒன்றைக் கழற்றினால் தீர்ந்தது. எங்கள் பையன் அதை ஏற்கெனவே கழற்றியிருந்தான்.

அடுத்து, சிமுலேட்டரை மூடிவிட்டு விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும். அங்கேயும் லீவர் நிலையைக் காட்டும் பட்டைகள் துடித்தன. அப்படியானால் விமானம் நிரபராதி.

"சரி, இப்ப லேப்டாப் சார்ஜரைப் புடுங்கு."

இரண்டு நொடி அமைதி. "மாமா! நின்னுடுச்சு!"

"லேப்டாப் மேல கை வெச்சா சுள்ளுனு இருக்குமா?"

"ஆமா, எப்பவுமே இருக்கும். அது ஷாக் இல்லீங்களே, சும்மா கிச்சுகிச்சுனு."

அந்தக் கிச்சுகிச்சுதான் விஷயம். சார்ஜருக்குள் மின்சாரத்தின் குப்பையை எர்த்துக்குத் தள்ளிவிட சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இல்லாத வீட்டில் அந்தக் குப்பைக்குப் போக்கிடம் கிடையாது. லேப்டாப் உடம்பிலேயே தங்கி, யுஎஸ்பி வயர் வழியாக ஆர்டுயினோவுக்குள் வந்து, இரண்டு லீவரையும் சேர்த்து ஆட்டுகிறது. இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் ஆட்டம் மாறும். நம் உடம்பும் அந்தச் சுற்றில் ஒரு கம்பியாகிவிடுவதால் அப்படி.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு மங்கலாக எரிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் எர்த் குழி சிமெண்ட் மூடிக்குக் கீழே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அக்கா வீட்டுக்காரர் காலத்தில் அந்த வீட்டில் தெரிந்த விஷயம். அவருக்குப் பிறகு யாரும் ஊற்றவில்லை. இரண்டு குடம் ஊற்றி, துரு ஏறிய நட்டை இறுக்கிவிட்டுப் போனார். மறுபடி சார்ஜரைச் செருகியபோது வலது பட்டை கல்லுப்போல நின்றது.

இடது மட்டும், பாதிக்குச் சற்று மேலே ஒரே இடத்தில், எகிறியது. நான் அடுத்த வாரம் நேரில் போனேன். அந்த இடம் எது தெரியுமா? ஏடிஆரில் விமானிகள் பவர் லீவரை வைத்துவிட்டுக் கையை எடுக்கிற நாட்ச் என்கிற பள்ளம். பையன் தினமும் அங்கேதான் நிறுத்துகிறான். விரல் அங்கேயே குந்தியிருந்து அந்த ஒரு இடத்தைச் சொறிந்து வைத்திருக்கிறது. பாட்டின் தகர மூடி இடுக்கில் வெள்ளைத் தூசு வேறு. இந்தப் பக்கமெல்லாம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வெட்டிய பூமி. தூசு அங்கிருந்து வந்ததா, எதிர்வீட்டில் டைல்ஸ் அறுத்ததில் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முனைக்கு முனை முப்பது தடவை திருகி, காயவிட வேண்டும். வீட்டில் இருக்கிற, துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். அன்றைக்குச் சரியானதுபோல இருக்கும். பிறகு அந்தப் பிசுக்கே தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். தடம் தேய்ந்திருந்தால் எந்த மருந்தும் பலிக்காது, புதுசு போடுவதுதான் வழி. காசு பெரிசில்லை. கடையில் 'பி 10 கே' என்று கேளுங்கள். 'ஏ' என்று போட்டது காதுக்காகச் செய்தது. அதை மாட்டினால் லீவரின் ஒரு கோடியில் எஞ்சின் தூங்கும், மறுகோடியில் திடீரென்று பாயும்.

புதுசு போட்டோம். ஆனாலும் எப்போதாவது ஒரு எகிறல் இருந்தது. அக்காவிடம் தென்னந்துடைப்பக் குச்சி ஒன்று கேட்டு வாங்கி, திரையைப் பார்த்தபடியே உள்ளே ஒவ்வொரு வயரையும் மெல்லத் தட்டினேன். மூன்றாவது வயரில் பட்டை துள்ளியது. டிவி மெக்கானிக்குகள் ட்ரை சால்டர் என்பார்கள். ஈயம் மேலே உருண்டு பளபளக்காமல் மங்கலாக இருக்கும். பார்க்க ஒட்டினதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. விரலின் வயர் இப்படி அரைகுறையாக விட்டுப்போனால் ஆர்டுயினோவின் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கி, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

பையன் சால்டரிங் அயர்னில் ஈயத்தை உருக்கி வயர் மேல் சொட்டவிடுகிறவன். அடுத்த தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அந்நேரம் ஏதோ கேட்க வந்தவர், நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, பத்தவைப்புப் பொடி மேல தீயைக் காட்டுனா ஒட்டுமா? வெள்ளியைக் காய வையி. அது காஞ்சா பொடி தானா ஓடிப் புடிச்சுக்கும்." எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்கள் அரைப் பக்கத்தில் சொல்வதும் இதைத்தான். முனையையும் வயரையும் முதலில் சூடாக்கு, ஈயத்தைக் கடைசியில் காட்டு. சேலத்துக்காரனுக்கு இது வெளியூரிலிருந்து வர வேண்டிய பாடமே இல்லை.

மாடியறையில் இது பொழுதுபோக்கு. நிஜத்தில் விட்டுவிட்டு வரும் தொடுப்பு ஆளைக் கொல்லும். 2015 பிப்ரவரி 4-ம் தேதி தைவானில் தைபே நகரிலிருந்து ஏறிய டிரான்ஸ் ஏசியா 235, இதே ஏடிஆர் 72 ரகம். வலது எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் தானியங்கி ஃபெதர் பெட்டிக்கு வந்த சிக்னல் விட்டுவிட்டு வந்ததால், எஞ்சின் போய்விட்டது என்று அது நினைத்து, புரொப்பெல்லர் இறக்கைகளைக் காற்றைத் தள்ளாதபடி திருப்பி ஒடுக்கிவிட்டது. பெட்டிக்குள் சால்டர் இணைப்பு பழுதுபட்டிருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. ஒரு எஞ்சினில் ஏடிஆர் பறக்கும். பதற்றத்தில் விமானி, ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினின் லீவரைப் பின்னுக்கு இழுத்து அதையும் அணைத்துவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

நம்மூரில் இந்த நடுக்கத்தை நன்றாக அறிந்தவர்கள் நாமக்கல் லாரி மெக்கானிக்குகள். இப்போதைய லாரியில் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. பெடலுக்குள் சென்சார். அதிலும் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று சொல்கிற வோல்ட்டேஜில் பாதியை மற்றது சொல்லும்படி செய்திருப்பார்கள். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிட்டு வண்டியை ஊர விடும், பாய விடாது. விளக்கு எரியும் வண்டி வந்ததும் மெக்கானிக் முதலில் பெடலின் கனெக்டரைக் கழற்றி ஊதிப் பார்க்கிறார். நான் துடைப்பக் குச்சியால் செய்ததும் அந்த ஜாதி வேலைதான்.

உரசலே வேண்டாம் என்பவர்களுக்கு ஹால் சென்சார் இருக்கிறது. எட்வின் ஹால் 1879-ல் கண்ட விளைவு. லீவர் அச்சில் ஒரு காந்தம், எதிரே ஒரு சிப், நடுவில் வெறும் காற்று. தேய்மானம் இல்லை. ஆனால் எர்த் குப்பை இதையும் ஆட்டும், ட்ரை சால்டரும் ஆட்டும். ஹால் வாங்கிவிட்டேன், இன்னும் ஆடுகிறதே என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமலே தாண்டி வந்திருப்பார்கள்.

சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியாதா என்று இத்தனை நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. முடியும். பதினாறு அளவு எடுத்து சராசரி போடலாம். இரண்டு படிக்குக் குறைந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று எழுதலாம். விரல் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 104 என்று போட்ட கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் அதுவும் ஒரு சல்லடைதான். நானும் இவற்றைச் செய்கிறேன், ஆனால் கடைசியில். முதலிலேயே செய்தால், சராசரியைக் கூட்டக் கூட்ட லீவர் சோம்பேறியாகும். இறங்கும்போது பவரைக் குறைத்தால் விமானம் அரை நொடி யோசித்துவிட்டுக் குறைக்கும். உள்ளே ட்ரை சால்டரும் பத்திரமாக இருக்கும். எங்கள் பையன் முதல் நாளே, லீவர் அசைந்தாலும் கண்டுகொள்ளாத சிமுலேட்டரின் டெட் ஸோனைப் பத்து சதவீதம் வைத்திருந்தான். அதைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் இடது லீவர் எகிறுகிற இடமே எனக்குச் சரியாகத் தெரிந்தது.

நேற்று மறுபடி போன்.

"மாமா, திரும்ப ரெண்டும் ஆடுது."

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறியா?"

பதில் இல்லை. பின்னாலிருந்து அக்கா குரல் மட்டும் கேட்டது: "குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. குடிக்க வெச்சிருக்கற தண்ணிய ப்ளேனுக்கு ஊத்தச் சொல்றானா உங்க மாமன்?"

(தொடரும்)